ரெண்டே நிமிஷம்

மெய்ப்புப் பார்க்கிறவருக்குக் கையிலிருக்கும் புத்தகம் பிடித்துப்போய்விட்டால் வேலை கெட்டது. கதை இழுத்துக்கொண்டு போகும்; கண் எழுத்தை விட்டுவிட்டு அர்த்தத்தின் பின்னால் ஓடிவிடும். 'வந்தான்' என்று இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி விழாமல் 'வநதான்' என்று கிடந்தாலும், மனசே ஒரு புள்ளியை வைத்துப் படித்துக்கொண்டு போய்விடும். 1984-இல் ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபோர்மேன் முதலில் சொன்னது இதைத்தான். "படிக்காதேம்மா, பாரு" என்றார். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வந்தவளுக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

அது கையால் எழுத்துக் கோக்கும் அச்சகம். கம்பாசிட்டர்கள் சரிவான கேஸ்களுக்கு முன்னால் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்வார்கள். இடது கையில் ஸ்டிக், கண் எதிரே செருகியிருக்கும் கையெழுத்துப் பிரதியில், வலது கை மட்டும் தன்போக்கில் அறை அறையாகப் போய் எழுத்தைப் பொறுக்கும். ஈய எழுத்து ஒவ்வொன்றாக வந்து உட்காரும் சத்தம் எனக்கு முதல் வாரத்தில் பெரிய தொந்தரவாக இருந்தது. பிறகு அது நின்றால்தான் தலை நிமிர்ந்து பார்க்கத் தோன்றியது. கோத்து முடித்ததைக் கேலி என்கிற நீளத் தட்டில் ஏற்றி, நூலால் கட்டி, மை தடவி, நீளமான காகிதத்தில் ஒரு பிரதி எடுத்து என் மேசைக்கு அனுப்புவார்கள். மை காய்ந்திருக்காது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முழங்கைவரை கருப்பாக இருக்கும்.

பிழை எப்படி வருகிறது என்று தெரியாமல் பிழை பிடிக்க முடியாது. அச்சு முடிந்த பக்கத்தின் எழுத்துகளைப் பிரித்துத் திரும்பக் கேஸில் போடுகிற பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு பிடி ண-வை ன அறையில் போட்டிருப்பான். மறுநாள் கம்பாசிட்டர் எவ்வளவு கருத்தாகக் கோத்தாலும் 'மனம்' எல்லாம் 'மணம்' ஆகும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் இடையில் ஒரு சின்னச் சுழி. இது போதாதென்று, 1978-இல் அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்ட பிறகும், எங்கள் கேஸ்களில் துதிக்கை வைத்த பழைய லை, னை எழுத்துகள் புதியவற்றோடு கலந்தே கிடந்தன. ஒரே பக்கத்தில் மேலே புது 'லை', கீழே பழைய 'லை'. இரண்டையும் சரியென்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது பிழையாகவே தெரியாது.

எல்லாவற்றிலும் மோசமானது 'அவுட்'. அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்தால், கம்பாசிட்டரின் கண் முதல் வரியிலிருந்து நேராக மூன்றாவது வரிக்குத் தாவிவிடும். நடுவில் ஒரு வரி முழுசாகக் காணாமல் போயிருக்கும். பல சமயம் அந்த வரி இல்லாமலே வாக்கியம் அர்த்தமாகிவிடும் என்பதுதான் கொடுமை. மூலத்தோடு ஒத்துப் பார்த்தாலொழிய எந்தப் புத்திசாலியாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒத்துப் பார்ப்பதற்கு எனக்கு ஒரு துணை இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எல்லோரும் 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் மூலப் பிரதியை உரக்க வாசிப்பார், நான் மெய்ப்பில் விரலை நகர்த்திக்கொண்டே போவேன். அந்த வாசிப்பை வெளியாள் கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைப்பார். "அவனைப், ஒற்று, பார்த்து கமா அவள் சிரித்தாள் புள்ளி பாரா" என்று ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் போகும். சோக நாவலின் உச்சக் காட்சியையும், வங்கிப் படிவத்தையும், ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி நோட்டீசையும் அவர் ஒரே குரலில்தான் வாசித்தார். நான் ஆரம்பத்தில் அதை ரசனைக் குறைவு என்று நினைத்தேன். உணர்ச்சி வந்துவிட்டால் ஒற்று போய்விடும் என்பது அவர் கட்சி.

அந்த வேலையின் கடுமை எனக்கு உறைத்தது பஞ்சாங்கத்தில். சித்திரைக்கு விற்க வேண்டிய பஞ்சாங்கம் அதற்குப் பல மாதம் முன்பே அச்சுக்கு வந்துவிடும். கட்டம் கட்டமாகத் திதி, நட்சத்திரம், யோகம், கரணம். ஒவ்வொன்றுக்கும் நாழிகை, விநாடி. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். இதில் 61 என்று எங்காவது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சுழித்துவிடலாம். ஆனால் 37 என்பது 31 ஆகக் கிடந்தால் யார் சொல்வது? உரைநடையில் அடுத்த சொல் என்ன என்று மனசுக்கு ஓர் ஊகம் இருக்கும். அந்த ஊகம்தான் பிழையை மறைக்கும் என்றாலும், களைப்பில்லாமல் நடத்திக்கொண்டு போவதும் அதுதான். எண்ணுக்கு ஊகம் கிடையாது. ஒவ்வொன்றையும் புதிதாகப் பார்த்தாக வேண்டும். அரை மணி தாண்டினால் எனக்குப் பின்னந்தலை கனக்க ஆரம்பிக்கும். வாத்தியார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு, நேரம் பார்த்து ஆளை மாற்றுவார். இப்போது அவர் 'பார்'ப்பார், நான் வாசிப்பேன். இரண்டு பேரும் ஓய்ந்துவிட்டால் எழுந்துபோய்த் தேநீர். களைத்த கண்ணோடு இன்னொரு பக்கம் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னால் சம்மதிக்க மாட்டார். யாரோ ஒருவர் அந்த நாழிகையைப் பார்த்துத்தான் வீட்டில் கல்யாணம் வைக்கப்போகிறார் என்பார்.

இந்த இடத்தில்தான் ஃபோர்மேன் வருகிறார். மெய்ப்பு அறை என்பது தனி அறையல்ல. மெஷின் கூடத்தின் ஓரத்தில் இடுப்புயரப் பலகை அடித்த ஒரு மூலை. எல்லோருக்கும் என்னிடம் ஏதாவது கேட்க இருக்கும். கம்பாசிட்டருக்கு ஆசிரியரின் கையெழுத்து புரியாது. முதலாளிக்கு ஒரு கணக்கு. நூலாசிரியர் நேரில் வந்து "என் கவிதை எப்படி இருக்கு?" என்று நிற்பார். ஃபோர்மேன் அந்தப் பலகையின்மேல் ஒரு குத்தூசியை வைத்துவிட்டார். எதுவானாலும் துண்டுக் காகிதத்தில் எழுதிக் குத்திவிட்டுப் போக வேண்டும். ஒரு கேலி முடிந்து நான் தலை நிமிர்ந்தால், குத்தூசியில் இருப்பதை எடுத்துப் பார்ப்பேன். அதுவரை யாரும் கூப்பிடக் கூடாது. முதலாளியும்தான். ஒருமுறை முதலாளியே பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ரெண்டே நிமிஷம்மா" என்று ஆரம்பித்தார். ஃபோர்மேன் மெஷின் பக்கத்திலிருந்தே, "ஐயா, பாதி கேலி ஓடுது" என்றார். முதலாளி ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் துண்டுச்சீட்டு எழுதிக் குத்திவிட்டுப் போனார்.

ஃபோர்மேனுக்கு என்மேல் தனி அக்கறை என்று சொல்ல முடியாது. அவர் கவலை மெஷின். 16 பக்க ஃபாரம் ஒன்று மெஷினில் ஏறிய பிறகு பிழை தெரிந்தால், மெஷினை நிறுத்தி, சேஸ் என்கிற இரும்புச் சட்டத்தைத் தளர்த்தி, இடுக்கியால் எழுத்தைப் பிடுங்கி மாற்ற வேண்டும். ஓடின தாள் கழிவு. எங்களிடம் இருந்த எழுத்தும் கொஞ்சம்தான். ஒரு ஃபாரம் அச்சேறிப் பிரிந்தால்தான் அடுத்ததைக் கோக்க முடியும். ஆகவே மெய்ப்புக்காரியின் கவனம் சிதறினால் கூடமே நிற்கும். என் கவனம் என்பது அங்கே என் சொந்த விஷயமாக இருக்கவில்லை, அச்சகத்தின் சொத்தாக இருந்தது. மையையும் ஈயத்தையும் காப்பதுபோல அதையும் ஓர் ஆள் காத்தார்.

இத்தனைக்கும் பிறகு பிழை வரவே வராதா என்றால் வரும். மெய்ப்புக்காரர்களுக்குள் ஒரு வழக்கு உண்டு: பெரிய எழுத்தில்தான் பெரிய பிழை இருக்கும். அடிக்குறிப்பின் பொடி எழுத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். அட்டையில் விரல் பருமனுக்கு இருக்கும் தலைப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். அது சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கேஸ்கள் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. டி.டி.பி., பட்டர் பேப்பர், ஆஃப்செட் என்று பேச்சே மாறிப்போனது. அந்தக் காலத்தைப் பற்றி ஏக்கப் பெருமூச்சு விட எனக்கு விருப்பமில்லை. ஈயத் தூசி நல்லதில்லை, கம்பாசிட்டர்களின் கால் நரம்பு புடைத்துக் கிடக்கும், கூலியும் குறைவு. போனது போகட்டும். ஆனால் மெஷினோடு சேர்ந்து ஃபோர்மேனும் போனார். அவர் செய்துகொண்டிருந்த வேலை எந்தச் சம்பளப் பட்டியலிலும் தனியாக எழுதப்படவில்லை. அதனால் அது போனதை யாரும் கவனிக்கவில்லை.

இது எனக்குப் புரிய இன்னொரு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்று, பெயர் வேண்டாம். புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது அதில் சேர்பவர்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவங்களைத் தமிழில் பார்த்துத் தரும் பொறுப்பு எனக்கு. 'உணவுக்கு முன்' என்பதும் 'உணவுக்குப் பின்' என்பதும் ஒரு சொல் வித்தியாசம். பஞ்சாங்கத்தைவிடப் பொறுப்பான வேலை என்றே சொல்வேன். ஆனால் அதைச் செய்ய வைத்த இடம் தடுப்பே இல்லாத நீளக் கூடம். எதிரும் புதிருமாக வரிசை வரிசையாக ஆட்கள். திரையின் மூலையில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி. பச்சையாக இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இருக்கிற ஆள் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு வேகமாகப் பதில் வருகிறது என்பது மாதக் கூட்டத்தில் பேசப்படும். எவ்வளவு நேரம் ஒருவர் ஒரு பக்கத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார் என்பதை யாரும் அங்கே பேசி நான் கேட்டதில்லை.

"மேடம், ரெண்டே நிமிஷம்" என்று நாற்காலியை உருட்டிக்கொண்டு வரும் அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. பதவிசான பிள்ளைகள். அவர்கள் கேட்பது உண்மையிலேயே இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் படிவத்துக்குத் திரும்பினால் ஒன்பதாவது பத்தியில் இருந்தேனா, பத்தாவதா என்று தெரியாது. கை சுட்டியைப் பிடித்திருக்கும், மனசு இன்னும் அந்தப் பையனின் கேள்வியில் கிடக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, அதனால் புதிய வேலை மட்டமாகிறது என்கிறார். வாத்தியாருக்கு இது தெரியும். வாசித்துக்கொண்டிருக்கும்போது யாராவது குறுக்கிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார். பாராவின் தலைக்குப் போய் மறுபடி ஆரம்பிப்பார்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற பேராசிரியர் இதை நிறுத்துக் கடிகாரத்தோடு அலுவலகங்களுக்குள் போய் அளந்தார். 2004-இல் ஒருவர் திரையில் ஒரு விஷயத்தில் சராசரியாக இரண்டரை நிமிடம் தங்கினார். பிந்தைய ஆண்டுகளின் அளவீடுகளில் அது 47 நொடியாக இறங்கிவிட்டது என்று 2023-இல் வந்த புத்தகத்தில் எழுதுகிறார். எனக்கு அதைவிட உறுத்தியது வேறொன்று. குறுக்கீடுகளில் ஏறத்தாழ பாதியை நமக்கு நாமே செய்துகொள்கிறோம் என்பது. வெளியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. நாமாகவே எழுந்து போகிறோம். குறுக்கிட்டுக் குறுக்கிட்டுப் பழக்கப்பட்ட மனசு, யாரும் வராவிட்டால் தானே வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கும் போலிருக்கிறது.

அந்த நிறுவனத்தை விட்டு வந்து மந்தைவெளியில் வீட்டிலேயே பதிப்பாசிரியர் வேலை பார்க்கத் தொடங்கினேன். இனி நிம்மதி என்று தோழிகள் வாழ்த்தினார்கள். வீட்டில் இருக்கும் பெண் வேலையில் இருப்பதாக எந்தக் காலிங்பெல்லும் ஒப்புக்கொள்வதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், வாழ்த்த வேண்டுமே என்று வாழ்த்தியிருப்பார்கள். சிலிண்டர் வரும், கூரியர் வரும், மாடி வீட்டுக்காரரின் கூரியரும் எங்கள் வீட்டுக்கே வரும். மெட்ரோ வாட்டர் லாரி எப்போது என்று கேட்க ஒருவர். மற்ற வீடுகளில் ஆள் ஆபீஸ் போயிருப்பார்கள். இங்கே ஆள் இருக்கிறது.

காப்பாற்றியவர் என் மாமியார். அவருக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்பது கடைசிவரை சரியாகப் புரிந்ததா என்று தெரியாது. "தப்பு கண்டுபிடிக்கிற வேலை" என்று உறவுக்காரர்களிடம் சொல்வார். அதில் எனக்கொரு குத்தலும் இருக்கும். ஆனால் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், ஹாலில் நாற்காலியை வாசலுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மணி அடிக்கும் முன்பே கதவைத் திறந்துவிடுவார். "அவ வேலையா இருக்கா, ஒரு மணிக்கு மேல வாங்க" என்று அனுப்புவார். தொலைபேசியில் என் சொந்த அண்ணனிடமே "ஆபீஸ்ல இருக்காப்பா" என்று பொய் சொன்னது என் காதிலேயே விழுந்தது. "ஏன் அத்தை இப்படி?" என்று கேட்டேன். "வீட்ல இருக்கான்னா கூப்பிடச் சொல்வான். ஆபீஸ்னாதான் மரியாதை" என்றார். நாற்பது வருஷம் கூட்டுக் குடும்பத்தில் அடுப்படியில் நின்றவர். ஒரு காரியத்தை ஒரே மூச்சில் முடிக்க விட மாட்டார்கள் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஃபோர்மேனும் மாமியாரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். இது எனக்கு மிகத் தாமதமாகத்தான் உறைத்தது.

என் மகள் ஒரு பிறந்தநாளுக்குக் கால் நியூபோர்ட் எழுதிய புத்தகம் ஒன்றை வாங்கித் தந்தாள். 2016-இல் வெளிவந்து உலகமெங்கும் பேசப்பட்ட புத்தகம். ஆழ்ந்து வேலை செய்வதைப் பற்றியது. அதில் கார்ல் யுங் சூரிச் ஏரிக்கரையில் போலிங்கன் என்ற கிராமத்தில் கல்லால் ஒரு வீடு கட்டிக்கொண்டு, தனி அறைக்குள் பூட்டிக்கொண்டு எழுதிய கதையோடுதான் தொடங்குகிறார். நல்ல புத்தகம்தான், பல இடங்களில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் மந்தைவெளி இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பும் வந்தது. ஏரிக்கரைக்குப் போக முடிந்தவர் போகட்டும். எனக்குக் கிடைத்தது ஹாலில் திரும்பிப் போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் அதிர்ஷ்டத்தால்.

நம் பக்கத்துப் பெரிய வேலைகளுக்கு அந்தத் தனி அறைக் கதையும் பொருந்தாது. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஏடுகளை ஒத்துப் பார்த்து 1887-இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தார். 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. அவர் அதைத் தனியாக ஒரு குகைக்குள் உட்கார்ந்து செய்யவில்லை. ஒருவர் ஓர் ஏட்டை வாசிக்க, மற்றவர்கள் வேறு வேறு ஏடுகளை வைத்துப் பாடபேதம் குறிக்க, அது ஒரு கூட்டு வேலை. எங்கள் வாத்தியார் செய்ததன் பெரிய வடிவம். பழைய பதிப்பு முன்னுரைகளில் ஏடு கொடுத்தவர், பொருள் கொடுத்தவர், உடனிருந்து ஒப்பிட்டவர் என்று எல்லோருக்கும் நன்றி இருக்கும். நான் படித்த எந்த முன்னுரையிலும், அந்த நேரத்தில் வாசலுக்கு வந்தவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்துச் சமாளித்தவருக்கு நன்றி இருந்து பார்த்ததில்லை.

மாமியார் போன பிறகு வீட்டில் அந்த நாற்காலி காலி. அந்தச் சமயத்தில்தான் எல்லோர் கையிலும் வாட்ஸ்அப் வந்தது. காலிங்பெல்லையாவது ஒரு ஆள் தடுக்கலாம். இது மேசைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கக் குழு, கல்லூரித் தோழிகள் குழு, மகள் வீட்டுக் குழு, பதிப்பகக் குழு. காலை வணக்கப் பூங்கொத்துகளைத் திறக்காமலே அழித்துவிடலாம். ஆனால் நடுவில் ஒரு நிஜமான செய்தி இருந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்வது. மௌனத்தில் போட்டுப் பார்த்தேன். சத்தம் வராததால் இன்னும் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். கவிழ்த்து வைத்தால், கவிழ்ந்து கிடக்கிறதே என்று ஒரு கண் அதன்மேலேயே இருந்தது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்டும் அவருடைய சகாக்களும் 2017-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். போனை மேசைமேல் வைத்திருந்தவர்கள், பையில் வைத்திருந்தவர்கள், வேறு அறையில் விட்டுவிட்டு வந்தவர்கள் என்று மூன்று குழு. மூவர் போனும் ஊமையாகத்தான் இருந்தது. வேறு அறையில் விட்டவர்கள்தான் நினைவாற்றலிலும் புதிர்களை அவிழ்ப்பதிலும் மேலாகச் செய்தார்கள். பிறகு வேறு சிலர் அதே சோதனையைச் செய்தபோது அதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுகள் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வரட்டும். என் போன் இப்போது அடுப்படியில், பருப்பு டப்பாக்களுக்கு நடுவே இருக்கிறது. மகளுக்கும் அக்காவுக்கும் மட்டும் பழைய லேண்ட்லைன் எண் தெரியும். அவசரம் என்றால் அதில் அடிப்பார்கள். அது அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன். மற்றதெல்லாம் மதியம்.

கணினியில் மெய்ப்புப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். பதிப்பகம் பி.டி.எஃப். அனுப்பினால் என் செலவில் அச்செடுத்து, பென்சிலும் அடிஸ்கேலுமாகத்தான் பார்க்கிறேன். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து ஒவ்வொரு வரியாக இறக்க வேண்டும். அடுத்த வரி தெரிந்தால் கண் முன்னாடி ஓடும். துணைக்கு வாசிக்க வாத்தியார் இல்லாததால் நானே வாய்விட்டு வாசிக்கிறேன். ஒற்றையும் சேர்த்து. பக்கத்து வீட்டில் ஏதாவது நினைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் வீடு வீடுதான். பக்கத்து மனையில் இடித்துக் கட்ட ஆரம்பித்தபோது கட்டைப் பையில் மெய்ப்பைத் தூக்கிக்கொண்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். 2010-இல் திறந்த அந்தக் கட்டடத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. காலையில் கொஞ்சம் தாமதித்தால் இடம் கிடைக்காது. பெரும்பாலும் டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. எழுதுகிற பிள்ளைகள். அவர்களைப் பார்ப்பதே ஒரு படிப்பு. சிலர் கையில் பட்டன் போன் மட்டும்தான். நாளெல்லாம் பொது அறிவைக் கரைத்துக் குடிக்க வேண்டியவர்கள், வேண்டுமென்றே உலகத்தைச் சின்ன டப்பாவுக்குள் சுருக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு பெண்கள் எப்போதும் சேர்ந்தே வருவார்கள். ஒருத்தியின் ஸ்மார்ட்போன் இன்னொருத்தியின் பைக்குள் இருக்கும். சாப்பாட்டு வேளையில் மாற்றிக்கொள்வார்கள். என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஒரு பெண்ணிடம், வீட்டில் படிக்க முடியாதா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "வீட்ல ஒரே ரூம்தான் ஆன்ட்டி. டி.வி. ஓடும். நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்னு நெனைச்சு ஏதாவது வேலை சொல்லிட்டே இருப்பாங்க" என்றாள். சலிப்பாகக்கூடச் சொல்லவில்லை. சைதாப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறாளாம்.

கவனம் என்றாலே நாம் மன உறுதியைப் பற்றித்தான் பேசுகிறோம். தியானம் செய், அதிகாலையில் எழு, செயலிகளை நீக்கு என்று எல்லா அறிவுரையும் தனி மனுஷனுக்குத்தான். நானும் அதிகாலையில் எழுகிறவள்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மன உறுதி இல்லாமலா அந்தப் பெண் பஸ் ஏறி வருகிறாள்? அவளுக்கு இல்லாதது ஒரு மேசை. "இப்போது கூப்பிடாதீர்கள்" என்று அவள் சார்பில் சொல்ல ஓர் ஆள் அல்லது ஒரு சுவர். அது பணம் உள்ளவருக்குத் தனி அறையாகக் கிடைக்கிறது. அதிர்ஷ்டம் உள்ளவளுக்கு ஒரு மாமியாராகக் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு அரசாங்கம்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். இதை நான் வெட்கமில்லாமல் சொல்வேன். குடிநீர்க் குழாய் கேட்பதுபோல அமைதியான மேசையையும் கேட்கலாம்.

கேட்பதற்கு நமக்குச் சட்டப்படியே உரிமை இருக்கிறது. எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சியால் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்துவரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரியாக நாம் கட்டுகிறோம். வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகைக்குள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அண்ணா நூலகம் சென்னைக்கு, 2023-இல் திறந்த கலைஞர் நூலகம் மதுரைக்கு. மற்ற ஊர்ப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? உங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். செய்தித்தாள் மேசையைத் தவிர இன்னொரு மேசை, சொந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் யாரும் எழுப்பாமல் உட்கார ஓர் இடம், பெண்கள் போய்வர ஒரு கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நூலகரைக் கடிந்துகொண்டு பயனில்லை, அவர் கையில் ஒன்றும் இருக்காது. மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள். நீங்கள் கட்டிய வரியின் ரசீது நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.